யாரோ ஒருவரிடம் ஈரமில்லை

ரீகாவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
பழைய கிடங்குகளின் நடுவே
இரண்டு பித்தளைத் தூண்களை நட்டிருக்கிறார்கள்.
இடைவெளி பன்னிரண்டு தப்படி.
மேலே கம்பியில் ஒரு பெரிய கண்ணாடிக் குண்டு.
இந்தத் தூணில் ஒரு கை,
அந்தத் தூணில் ஒரு கை,
நடுவில் விடாமல் கோத்த கைகள்,
வெறுங்கைகள்,
அப்போதுதான் விளக்கு எரியும் என்று
மூன்று மொழிகளில் எழுதிய பலகை.
அதன் அடியில் யாரோ பேனாவால்:
எரியாது.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம்.
பூஜ்யத்துக்குக் கீழே ஏழு பாகை.
பல் கட்டும் பட்டறையிலிருந்து
ரொட்டி வாங்க வந்தவள் நான்.
எனக்கு முன்பே நின்றிருந்தார்கள்
பள்ளிக்கூடத்திலிருந்து நழுவிய இரண்டு பெண்கள்,
மதாரா, எல்வீரா;
கக்கத்தில் மீன் பொட்டலத்தோடு
ஸ்கைத்ரீதே அம்மாள்.
ஒருவரையொருவர் பாராமல்
எல்லோரும் குண்டைப் பார்த்தோம்.
லிப்டுக்குள்கூட
மாடி எண்களைத்தான் பார்க்கிற ஊர் இது.

"இன்னும் ரெண்டு பேர்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள் மதாரா.
டாக்ஸியைக் குறுக்கே விட்டுவிட்டு
கென்னாதி வந்தான்,
ருஷ்ய மொழியில் போனோடு சண்டையிட்டபடி.
அவன் டாக்ஸிக்கு அபராதம் எழுதிக்கொண்டிருந்தவர்
பாதியில் பேனாவை மூடி
கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார்.
மிச்சமிருந்த இடம் கென்னாதிக்குப் பக்கத்தில்.
இருவரும் கைகோத்தார்கள்,
சூடான பாத்திரத்தைத் தூக்குபவர்கள் போல.

எரியவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினான்
மின்வேலைக்காரன் வில்னிஸ்.
"ஒயரெல்லாம் சரி.
யாரோ ஒருவரிடம் ஈரமில்லை."

எல்லோரும் அபராத அதிகாரியைப் பார்த்தோம்.

நானும் பார்த்தேன். ஆனால்
அது நான்தான்.
காலையிலிருந்து சாந்து குழைத்து
அடுத்தவர் பற்களுக்கு அச்செடுத்த கைகள்.
சோப்புக்கும் போகாத வெள்ளை.
தொட்ட கதவெல்லாம் வெளுக்கும்.
இடக்கையில் மதாரா, வலக்கையில் ஸ்கைத்ரீதே,
இருவருக்கும் நடுவே
நான் ஒரு சுவர்.
சொல்லவில்லை.

ஸ்கைத்ரீதே மட்டும் என்னை ஒருமுறை பார்த்தார்.
பிறகு பொதுவாக,
"எண்பத்தொன்பதிலும் இப்படித்தான் நின்றேன்,
நெடுஞ்சாலையில், மூணு நாட்டு ஜனத்தோடு."
"எப்படி இருந்தது?" எல்வீரா கேட்டாள்,
பாடப்புத்தகக் குரலில்.
"பக்கத்தில் நின்றவன் கையில் வெங்காய வாடை.
ரெண்டு நாள் போகவில்லை."

நான் குனிந்தேன்,
காலணி நாடாவை முடிபவளைப் போல.
இரு கை நிறையப் பனியை அள்ளிப் பிசைந்தேன்.
விரல் நுனிகள் எரிந்தன,
பிறகு அவை என்னுடையவையாக இல்லை.
சொட்டச் சொட்ட மறுபடி கோத்தேன்.
மதாராவின் கை ஒரு கணம் வெடுக்கென்றது;
விடவில்லை.

வெளுத்த தேநீர் நிறத்தில் ஏதோ ஒன்று
குண்டுக்குள் வந்தது.
பட்டப்பகலில் அதற்குமேல் என்ன தெரியும்?
"எரிகிறதா?" கண்ணைச் சுருக்கினார் ஸ்கைத்ரீதே.
"எரிகிறது," என்றார் அதிகாரி.
வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல்.

கென்னாதியின் பையில் போன் அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.
அவன் குண்டைப் பார்த்தான்,
போன் ஓய்ந்து, மறுபடி அடித்தது.
யாரும் யாரையும் விடவில்லை.
பிறகு மீன் பொட்டலம் நழுவியது,
பிடிக்கப் போன கையோடு
வெளிச்சமும் போயிற்று.

அதிகாரி பேனாவைத் திறந்து
விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தார்.
கென்னாதி சீட்டை வாங்கி நாலாக மடித்தான்.
திட்டவில்லை;
எனக்குக் கேட்கும் தொலைவில் திட்டவில்லை.
பெண்கள் டிராமுக்கு ஓடினார்கள்.
பலகையில் எழுதியிருந்ததை
யாரும் அழிக்கவில்லை.

ரொட்டி வாங்க மறந்துபோனேன்.
அன்று பிற்பகல்
சாந்தில் தண்ணீர் கூடிவிட்டது.
ஒரு கீழ்த்தாடை
இறுகாமல் குழைந்து சரிந்தது.
வழித்துப் போட்டுவிட்டு
மறுபடி கலக்கினேன்.